குறைந்த செலவில் நல்ல ஷேவிங்: பழைய செட், படிகாரம், நம்ம ஊர்த் தண்ணீர்

பள்ளத்தூர்ப் பையன்

எல்லோருக்கும் வணக்கம். சென்னையில் இருந்தவரைக்கும் ஐந்து பிளேடு வைத்த கார்ட்ரிட்ஜும் டின் நுரையும்தான் எனக்குத் தெரியும். இப்போது வீட்டிலிருந்தே வேலை என்று ஆனதால் ஊரோடு வந்துவிட்டேன். கார்ட்ரிட்ஜ் ஒன்று இருநூறு ரூபாயைத் தொடுகிறது. காசு ஒரு பக்கம் இருக்கட்டும், ஷேவ் பண்ணிய மறுநாள் கழுத்தில் சின்னச் சின்னதாகச் சிவந்து தடித்துக்கொள்கிறது. சட்டைக் காலர் பட்டாலே எரிச்சல்.

எங்கள் ஐயா ரங்கூன் கடையில் இருந்த காலத்துச் செட் ஒன்று வீட்டின் இரண்டாம் கட்டில் தகரப் பெட்டிக்குள் கிடந்தது. மூன்று பாகமாகக் கழற்றுகிற பித்தளை ரேசர், பழைய பிரஷ், எனாமல் கிண்ணம். இதை வைத்தே ஆரம்பிக்கலாமா? மற்றதை எல்லாம் முந்நூறு ரூபாய்க்குள் முடிக்க முடியுமா?

இன்னொரு சிக்கல், எங்கள் போர்த் தண்ணீர். எந்த க்ரீமைப் போட்டாலும் நுரை நிற்பதில்லை. ஒரு கன்னம் முடிப்பதற்குள் மறு கன்னம் காய்ந்துவிடுகிறது. பழைய முறையில் ஷேவ் செய்கிறவர்கள் என்ன வாங்குகிறீர்கள், எப்படிச் செய்கிறீர்கள் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்.

சாணைக்கல் (காரைக்குடி)

தம்பி, ரேசர் சரி, கிண்ணம் சரி. அந்தப் பழைய பிரஷை மட்டும் முகத்தில் வைக்காதீர்கள். முதல் உலகப் போர்ச் சமயத்தில் சரியாகச் சுத்தம் செய்யாத குதிரை முடியில் செய்த பிரஷ்களால் ஆந்த்ராக்ஸ் தொற்றி, வெளிநாடுகளில் ஆட்கள் இறந்தே போயிருக்கிறார்கள். உங்கள் ஐயாவின் பிரஷ் அதற்குப் பிந்தியதாகவே இருக்கலாம். ஆனாலும் எந்த முடி, எந்தக் காலம் என்று தெரியாததை ஞாபகார்த்தமாக அலமாரியில் வைத்துவிடுவது நல்லது. புது நைலான் பிரஷ் ஐம்பது, நூறு ரூபாய்க்குக் கடைவீதியில் கிடைக்கிறது.

நான் சலூன் வைத்திருப்பவன். எங்கள் அப்பா காலத்தில் சவரக் கத்தியைக் கல்லில் தீட்டி, தோல் வாரில் இழுத்துப் பதம் பார்ப்பார்கள். எய்ட்ஸ் பற்றிய எச்சரிக்கை வந்த பிறகு ஆளுக்கொரு பிளேடு என்று மாறியது. ஒரு பிளேடைக் காகிதத்தோடு நீளவாக்கில் ஒடித்து, பாதியைக் கத்தியில் மாட்டுகிறோம். கல்யாண மாப்பிள்ளைக்கும் அந்தப் பாதி பிளேடுதான். ஒரு முழு பிளேடே சில ரூபாய்தான். அதனால் விலை குறைந்த பொருளில் வேலை நடக்குமா என்ற சந்தேகம் உங்களுக்கு வேண்டாம். தினமும் நடக்கிறது.

கழுத்து தடிப்பதற்கு வருகிறேன். பல பிளேடு ரேசரில் முன் பிளேடு முடியை இழுத்துப் பிடிக்க, பின் பிளேடு தோல் மட்டத்துக்கும் கீழே வெட்டிவிடும். சுருள் முடிக்காரர்களுக்கு அந்த முனை வெளியே வர வழியில்லாமல் தோலுக்குள்ளேயே வளைந்து வளரும். அதுதான் சிவப்பும் தடிப்பும். ஒற்றை பிளேடில் இது குறையும். ஆனால் அழுத்தினால் இதிலும் வரும்.

கழுத்து முடி ஒரே வாக்கில் இருக்காது. கன்னத்தில் கீழ்நோக்கி வளரும். குரல்வளைக்குக் கீழே பலருக்கு மேல்நோக்கியும், சிலருக்குக் காதுப் பக்கமாகச் சாய்ந்தும் வளரும். இரண்டு நாள் வளரவிட்டு விரலால் தடவிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போகிற பக்கம்தான் வாக்கு. முதல் ஒரு மாதம் வாக்கிலேயே மட்டும் இழுங்கள். எதிர்த்து இழுப்பதை மறந்துவிடுங்கள். மொழுமொழுவென்று வராது, பரவாயில்லை, தோல் முதலில் ஆறட்டும்.

குளித்த பிறகு செய்யுங்கள், அல்லது வெந்நீரில் நனைத்த துண்டை இரண்டு மூன்று நிமிடம் முகத்தில் வையுங்கள். காய்ந்த தாடி கம்பி, ஊறிய தாடி நார். பிரஷை நனைத்து, தண்ணீர் சொட்டாத அளவுக்கு உதறிவிட்டு, சோப்பின் மேல் வட்டமாகச் சுற்றுங்கள். முதலில் பெரிய பெரிய குமிழியாக வரும். அது நுரை இல்லை, வெறும் காற்று. சில சொட்டுத் தண்ணீர் விட்டு இன்னும் சுற்றினால் குமிழி எல்லாம் மறைந்து பளபளப்பாகிவிடும். இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்தால் வழுக்க வேண்டும். அப்போதுதான் முகத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

ரேசரைக் கைப்பிடியின் அடிப்பக்கமாக, பேனா பிடிக்கிற பலத்தில் பிடியுங்கள். தலைப்பாகத்தின் எடையே போதும். தோலுக்கும் பிளேடுக்கும் சுமார் 30 டிகிரி சாய்வு. அதை அளக்க ஒரு வழி, காது. சாய்வு சரியாக இருந்தால் முடி வெட்டுப்படுகிற சரசரப்பு தெளிவாகக் கேட்கும். சத்தம் நின்றால் சாய்வு தப்பிவிட்டது. மின்விசிறியை நிறுத்திவிட்டுச் செய்து பாருங்கள், நான்கைந்து தடவையில் கை பழகிவிடும்.

புதுவயல் ரைஸ்மில்

சாணைக்கல் அண்ணன் சொன்னதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. பிளேடு மட்டும் சொல்கிறேன். டோபாஸ், சூப்பர்மேக்ஸ், செவன் ஓ கிளாக், வில்கின்சன் நான்கிலும் ஒவ்வொரு சின்ன டப்பா வாங்குங்கள். மொத்தமே நூறு ரூபாய்க்குப் பக்கத்தில்தான் வரும். எனக்கு செவன் ஓ கிளாக் கறுப்பு டப்பா ஒத்துப்போகிறது, என் தம்பிக்கு டோபாஸ். ஒரே அப்பா அம்மாவுக்குப் பிறந்த இரண்டு முகத்துக்கே ஒரே பிளேடு ஒத்துவரவில்லை. ஒரு பிளேடை நான்கைந்து ஷேவுக்கு மேல் இழுக்காதீர்கள். முடியைப் பிடித்து இழுப்பதாகத் தோன்றினால் அதற்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

மின்வேதி (கோட்டையூர்)

எல்லோரும் பிளேடுக்கும் சோப்புக்கும் போகிறீர்கள். கேள்வி கேட்டவர் கடைசியில் சொன்னதுதான் முக்கியமான விஷயம் என்று எனக்குப் படுகிறது. தண்ணீர். நான் ரசாயனம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன், கொஞ்சம் நீட்டிச் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடின நீரில் கால்சியமும் மெக்னீசியமும் கரைந்திருக்கும். சோப்பு என்பது கொழுப்பு அமிலத்தின் சோடியம் அல்லது பொட்டாசியம் உப்பு. இரண்டும் சந்தித்தவுடன் தண்ணீரில் கரையாத கால்சியம் சோப்பாக மாறி, தயிர் திரிந்த மாதிரி வெள்ளைத் திப்பியாகிவிடும். நீங்கள் போடும் சோப்பில் ஒரு பங்கு கால்சியத்துக்கே பலியாகிறது. மிச்சம் இருப்பதுதான் நுரைக்கு. அதனால்தான் எந்த க்ரீம் வாங்கினாலும் உங்கள் வீட்டில் ஒரே கதி.

சோதிப்பது சுலபம். ஒரு சின்ன பாட்டிலில் பாதித் தண்ணீர் பிடித்து, துருவிய சோப்பு ஒரு சிட்டிகை போட்டுக் குலுக்குங்கள். நுரை மேலே நின்று, கீழே தண்ணீர் ஓரளவு தெளிவாக இருந்தால் மென்னீர். நுரை சட்டென்று அடங்கித் தண்ணீர் கலங்கினால் கடின நீர். போர்த் தண்ணீர், குழாய்த் தண்ணீர், குடிக்கிற கேன் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குலுக்கினால் சந்தேகமே மிச்சம் இருக்காது.

கொதிக்க வைத்தால் பைகார்பனேட்டால் வருகிற தற்காலிகக் கடினம் போகும், அடியில் வெள்ளையாகப் படியும். சல்பேட், குளோரைடால் வருவது போகாது. சலவைச் சோடா போட்டால் துணிக்குச் சரி, முகத்தில் வேண்டாம். ஆனால் இதற்கெல்லாம் அவசியமே இல்லை. ஷேவிங்குக்கு நல்ல தண்ணீர் ஒரு டம்ளர் போதும். முகம் கழுவுவது, ரேசர் அலசுவது போர்த் தண்ணீரிலேயே நடக்கட்டும். பிரஷ் நனைப்பதும் நுரை எழுப்புவதும் மட்டும் குடிக்கிற தண்ணீரில்.

நம் வீடுகளில் இதற்கு வழி கட்டும்போதே இருந்திருக்கிறது. நான்கு பக்கத்து ஓடும் முற்றத்தைப் பார்த்துச் சரிந்திருக்கும். மழை நாளில் முற்றத்து மூலையில் அண்டாவை வைத்துப் பிடிப்பார்கள். மழைத் தண்ணீரில் கால்சியம் அநேகமாகக் கிடையாது. அதில் எழுகிற நுரையை ஒரு தடவை பார்த்துவிட்டால் போர்த் தண்ணீரில் கைவைக்க மனம் வராது. முதல் மழையின் அழுக்கு ஓடட்டும், அடுத்து வருவதைப் பிடியுங்கள். வெள்ளைத் துணி கட்டி மூடிவையுங்கள், கொசு முட்டையிட இடம் தரக்கூடாது.

பிளேடுக்கும் இதே தண்ணீர்தான் எதிரி. பழைய கார்பன் எஃகு பிளேடு இரண்டே நாளில் துருப்பிடிக்கும். 1960களின் தொடக்கத்தில் வில்கின்சன் ஸ்வார்டு ஸ்டெயின்லெஸ் பிளேடைக் கொண்டுவந்த பிறகுதான் உலகம் முழுக்க அது மாறியது. ஆனால் உப்புத் தண்ணீரில் இருக்கும் குளோரைடு ஸ்டெயின்லெஸ் எஃகிலும் ஊசிமுனை அளவுக்குக் குழி போடும். சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிற ஊர்க்காரர்களுக்கு உலோக அரிப்பைப் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா! ஷேவ் முடிந்ததும் டம்ளரில் மிஞ்சிய நல்ல தண்ணீரைக் கடைசியாக ரேசர் மேல் ஊற்றி, உதறிக் காயவையுங்கள். பிளேடு முனையைத் துணியால் துடைக்காதீர்கள், முனை மடங்கிவிடும்.

பள்ளத்தூர்ப் பையன்

மின்வேதி ஐயா, பாட்டில் சோதனை செய்து பார்த்தேன். போர்த் தண்ணீர் பால் மாதிரி ஆகிவிட்டது, கேன் தண்ணீரில் நுரை அப்படியே நிற்கிறது. ஒரு சந்தேகம். ஊருணித் தண்ணீரைத் தெளிய வைக்கப் படிகாரம் சுற்றுவார்களே, அதைப் போட்டால் போர்த் தண்ணீர் சரியாகுமா? அப்புறம், சோப்பு எது, க்ரீம் எது என்று யாரும் சொல்லவில்லையே.

மின்வேதி (கோட்டையூர்)

ஆகாது. படிகாரம் கலங்கலை இறக்கும். மிதக்கிற மண் துகள்களை ஒன்றுசேர்த்து அடியில் தள்ளும். கரைந்திருக்கிற உப்பை அது தொடாது.

சோப்பு பற்றி. குளியல் சோப்பு பெரும்பாலும் சோடியம் சோப்பு. நுரை சீக்கிரம் வரும், சீக்கிரம் போகும். ஷேவிங் சோப்பில் ஸ்டியரிக் அமிலம் அதிகம், பொட்டாசியம் சேர்ந்திருக்கும். அதனால் நுரை கெட்டியாக, ஈரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். காசை மிச்சம் பிடிக்க நினைத்துக் குளியல் சோப்பில் ஷேவ் செய்யாதீர்கள். மைசூர் சாண்டல் 1916இல் தொடங்கிய அரசு சோப்புத் தொழிற்சாலையின் பரம்பரை, எனக்கு உயிர், ஆனால் குளிக்க மட்டும்.

சாணைக்கல் (காரைக்குடி)

க்ரீமில் கோத்ரெஜ், பாமாலிவ், ஓல்டு ஸ்பைஸ், விஜான் எது வாங்கினாலும் பிரஷ் போட்டு எழுப்பினால் வேலை செய்யும். பட்டாணி அளவு போதும். கையால் தடவுகிறவர்கள்தான் விரல் நீளத்துக்குப் பிதுக்குகிறார்கள், டியூப் சீக்கிரம் தீர்ந்துபோகிறது. 2025 செப்டம்பரில் ஷேவிங் க்ரீமுக்கு ஜிஎஸ்டி 18இலிருந்து 5 சதவீதமானது, டியூபில் அச்சிட்ட விலையைப் பார்த்துக் கொடுங்கள்.

செக்கெண்ணெய் (தேவகோட்டை)

இவ்வளவு பேசுகிறீர்கள், தேங்காய் எண்ணெயை யாரும் சொல்லவில்லை. செக்கில் ஆட்டிய எண்ணெய் நான்கு சொட்டைத் தாடியில் தேய்த்து, மேலே நுரை போட்டு ஷேவ் செய்தால் பிளேடு வெண்ணெயில் போகிறது. முடிந்ததும் முகம் வறளாது. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக இப்படித்தான். கடையில் விற்கிற ப்ரீ ஷேவ் ஆயில் சின்னப் புட்டி நானூறு ரூபாய் என்று பார்த்தேன், தேவையே இல்லை.

சாணைக்கல் (காரைக்குடி)

அண்ணே, மரியாதையோடு மறுக்கிறேன். எண்ணெய் மிஞ்சினால் நுரை படுத்துவிடும். சோப்பு எண்ணெயை வெட்டப் போய்விடும், முகத்துக்கு மிஞ்சாது. பிளேடு இடுக்கில் முடியும் எண்ணெயும் சேர்ந்து அப்பிக்கொண்டால் குழாயில் காட்டினாலும் போகாது. பருத் தொல்லை இருக்கிற வயசுப் பையன்களுக்குத் தேங்காய் எண்ணெய் துவாரத்தை அடைத்து இன்னும் பெருக்கிவிடும். எண்ணெய் வேண்டும் என்றால் குளிக்கப் போகும் முன் தடவுங்கள். குளித்த பிறகு தோலில் ஒட்டியிருக்கிற மெல்லிய பிசுபிசுப்பு போதும்.

செக்கெண்ணெய் (தேவகோட்டை)

குளிக்கும் முன் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் நான்கு சொட்டுக்கு மேல் நான் சொல்லவே இல்லை. என் தாடி முரடு, அது இல்லாமல் எனக்கு ஆகாது.

வெட்டிவேர் (கண்டனூர்)

ஆம்பளைகள் பேச்சில் நுழைகிறேன். எங்கள் வீட்டில் அப்பச்சி, அண்ணன், என் மகன் மூவருக்கும் இந்தச் சாமான்களை வாங்கிக்கொடுப்பது நான்தான், அதனால் சொல்ல உரிமை இருக்கிறது.

படிகாரத்தைப் பற்றி யாரும் முழுதாகச் சொல்லவில்லை. நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் இரண்டு விதமாகக் கொடுப்பார்கள். பொரித்துத் தூளாக்கியது வெள்ளையாக இருக்கும், அது வேறு உபயோகத்துக்கு. உங்களுக்கு வேண்டியது பொரிக்காத, வெளிச்சம் ஊடுருவுகிற கட்டி. உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவில், கூர் முனை இல்லாததாகப் பார்த்து எடுங்கள். கூராக இருந்தால் ஈரத் துணியில் தேய்த்து மழுக்கிக்கொள்ளலாம். இருபது முப்பது ரூபாய்க்கு வாங்கினால் வருஷத்துக்கு மேல் வரும். ஷேவ் முடிந்து பச்சைத் தண்ணீரில் முகம் கழுவி, ஈரத்தோடு கட்டியைத் தேய்த்து, அரை நிமிடம் விட்டு அலச வேண்டும். எங்கே சுரீர் என்கிறதோ அங்கே அழுத்திவிட்டீர்கள் என்று அர்த்தம். சின்ன வெட்டில் கட்டியை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தால் ரத்தம் நிற்கும். ஆளுக்கொரு கட்டி வைத்துக்கொள்ளுங்கள், ஒருவர் ரத்தம் பட்டதை இன்னொருவர் தேய்க்கக் கூடாது. ரேசருக்குப் பக்கத்தில் ஈரக் கட்டியை வைக்காதீர்கள், முலாம் அரித்துப்போகும். குளித்ததும் அக்குளில் தேய்த்தால் வேர்வை நாற்றம் அடங்கும், பாடி ஸ்ப்ரே செலவே மிச்சம். வறண்ட தோல்காரர்கள் தினமும் முகத்தில் தேய்க்க வேண்டாம், இறுக்கும்.

படிகாரத்துக்குப் பிறகு கற்றாழை. மடலை வெட்டிக் கொஞ்ச நேரம் செங்குத்தாக நிறுத்தினால் மஞ்சளாக ஒரு பால் வடியும். அதுதான் அரிப்பைத் தருவது. அது முழுக்க வடிந்த பிறகு தோல் சீவி, உள்ளே இருக்கிற சோற்றை இரண்டு மூன்று முறை அலசித் தடவுங்கள். முற்றத்துத் தொட்டியில் ஒரு செடி இருந்தால் போதும், ஆஃப்டர் ஷேவ் ஜெல் வாங்க வேண்டாம்.

எலுமிச்சம்பழத் தோலை ஷேவ் செய்த முகத்தில் தேய்க்கிற பழக்கம் நம் பக்கம் உண்டு. தயவுசெய்து விட்டுவிடுங்கள். சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் வெந்துபோன மாதிரி கொப்பளித்து, கருப்புத் தழும்பாக நிற்கும். நம்ம வெயிலுக்குச் சொல்லவே வேண்டாம்.

கழுத்தில் உள்ளே வளைந்த முடிக்குப் பாசிப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ, வெட்டிவேர் சேர்த்து அரைத்த குளியல் பொடி நன்றாக உதவுகிறது. ஷேவ் செய்யும் முந்தின நாள் ராத்திரி குழைத்து மெதுவாகத் தேய்த்துக் கழுவுங்கள். ஷேவ் செய்த அன்று கூடாது, திப்பி கீறும். அரைக்கக் கொடுக்கும்போது மிளகாய்த்தூள் அரைக்கிற மில்லில் கொடுக்காதீர்கள், எவ்வளவு துடைத்தாலும் காரம் நிற்கும். சனிக்கிழமை நல்லெண்ணெய் தேய்த்துச் சீயக்காயோ அரப்போ போட்டுக் குளிக்கிற வீட்டில் தலைக்குத் தனியாக ஒன்றும் வாங்கத் தேவையில்லை. கண்ணில் படாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழம்பொருள் பித்து

ரங்கூன் ரேசரைப் பற்றி நான் சொல்கிறேன், இது என் விஷயம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் பர்மா, மலாயா, இலங்கையிலிருந்து வந்த சாமான்களுக்கு நடுவே இப்படிச் செட்டுகள் அவ்வப்போது அகப்படும். ஜில்லெட் கம்பெனி 1903இல் விற்பனையைத் தொடங்கிய வருஷம் போனது 51 ரேசர், 168 பிளேடு மட்டுமே. அடுத்த வருஷமே தொண்ணூறாயிரம் ரேசர் போனது. அந்தக் கொள்ளை வியாபாரம்தான் கப்பலேறி நம் ஆட்களின் பெட்டிக்குள் வந்தது. நல்ல செய்தி, இன்று கடையில் விற்கிற இருபக்க பிளேடு அந்தக் காலத்து ஜில்லெட் ரேசரிலும் அப்படியே பொருந்தும்.

வாங்கும்போதும், வீட்டில் கிடைத்ததைப் பயன்படுத்தும் முன்னும், பிளேடை மாட்டி இரு பக்கமும் விளிம்பைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஒரு பக்கம் கூட இருந்தால் தட்டு வளைந்திருக்கிறது, அது வெட்டும். திருகு மரை சறுக்குகிறதா, கைப்பிடியில் மயிரிழை விரிசல் ஓடுகிறதா என்றும் பாருங்கள். பித்தளை மேல் நிக்கல் முலாம் உரிந்திருந்தால் குற்றமில்லை. ஆனால் வெள்ளைப் பொடி பூத்து மாவாக உதிர்ந்தால் அது துத்தநாகக் கலவை வார்ப்பு, அதை விட்டுவிடுங்கள்.

சுத்தம் செய்ய வெந்நீர், பாத்திரம் விளக்குகிற சோப்பு, பழைய டூத் பிரஷ். அவ்வளவுதான். குத்துவிளக்கு விளக்குகிற நினைப்பில் புளியும் செங்கல் பொடியும் போட்டீர்களானால் இருக்கிற முலாமும் போய்விடும். எனாமல் கிண்ணம் உள்பக்கம் சில்லு பெயர்ந்திருந்தால் பிரஷ் முடி அறுந்துகொண்டே இருக்கும், அதற்குப் பதில் அடுப்படியில் இருக்கிற ஒரு எவர்சில்வர் கிண்ணம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கானாடுகாத்தான் சைக்கிள்

இந்த இழையைப் படித்துவிட்டு எங்கள் அப்பச்சிக்கும் பழைய செட் வாங்கலாம் என்று நினைத்தேன். எண்பது தாண்டிவிட்டது, கை லேசாக நடுங்குகிறது, இதயத்துக்காக ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போடுகிறார். செய்யலாமா?

சாணைக்கல் (காரைக்குடி)

வேண்டாம். நான் மேலே எழுதியதெல்லாம் கை நிற்கிறவர்களுக்கு. அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சின்ன வெட்டுகூட நெடுநேரம் கசியும், படிகாரம் போட்டாலும் சட்டென்று நிற்காது. சர்க்கரை அதிகம் இருந்து புண் ஆறாதவர்களுக்கும் இதே பேச்சுத்தான். மின்சார டிரிம்மர் ஒன்று வாங்கி, தோலோடு ஒட்ட வெட்டாமல் விட்டுவிடுங்கள். முள் தாடி கொஞ்சம் தெரியும், அதனால் ஒன்றும் குறைந்துவிடாது. விசேஷ நாளில் பளிச்சென்று இருக்க அவர் ஆசைப்பட்டால் தெரிந்த சலூன்காரரை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். பெரியவர்களுக்கு வீட்டுக்குப் போய்ச் செய்கிற வழக்கம் எங்கள் தொழிலில் இன்னும் இருக்கிறது. நான் போகிறேன். முகப்பில் வெளிச்சம் விழுகிற இடத்தில் சாய்வு நாற்காலி போட்டு, தலைக்குப் பின்னால் தலையணை வைத்துக்கொடுத்தால் அவர்களுக்கும் சுகம், எங்களுக்கும் வேலை சுத்தம்.

புதுவயல் ரைஸ்மில்

சபரிமலைக்கு மாலை போட்டு மண்டலம் முழுக்க வளர்ந்த தாடியை எடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நேராகப் பிளேடை வைக்காதீர்கள். கத்தரியாலோ டிரிம்மராலோ ஒட்ட வெட்டிவிட்டு, அப்புறம் வெந்நீர், நுரை, புது பிளேடு. அத்தனை நாள் வெயில் படாத தோல், அன்று எதிர்த்து இழுக்கவே கூடாது.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்கள் மொட்டை போட்டுச் சந்தனம் பூசுகிறார்களே, அதற்கு முன்னால் தலையை நல்ல தண்ணீரில் அலசுங்கள். நிறமும் வாசனையும் சேர்த்த மலிவுப் பொடி வேண்டாம், கட்டையில் இழைத்த சந்தனம்தான் கீறிய தலையில் எரியாது.

ஜவ்வாது

கடைசியாக வாசனை. ஓல்டு ஸ்பைஸ் ஆஃப்டர் ஷேவ் எல்லோர் அப்பாவின் வாசனையும்தான், அதன்மேல் எனக்கும் பிரியம் உண்டு. ஆனால் அதில் ஆல்கஹால், கழுத்து சிவந்திருக்கிற தம்பிக்கு இப்போது ஆகாது. பன்னீரோ, மண்பானையில் வெட்டிவேர் போட்டு ஊறிய தண்ணீரோ முகத்தில் தெளித்தால் போதும். பன்னீர் புட்டியில் சேர்மானம் என்ன என்று படித்து வாங்குங்கள், வெறும் எசன்ஸ் கலந்ததும் கடையில் இருக்கிறது. பவுடரில் குட்டிக்குரா, கோகுல் சாண்டல் இரண்டையும் தாண்டி எனக்கு எதுவும் பிடித்ததில்லை. கொட்டி அப்பாமல், உள்ளங்கையில் தட்டிக் கழுத்தில் ஒற்றினால் காலர் உரசுவது குறையும், மூக்கிலும் ஏறாது. ஜவ்வாதை ஷேவ் செய்த இடத்தில் வைக்காதீர்கள். காதுக்குப் பின்னால் ஒரு துளி, இல்லை துண்டு மடிப்பில் ஒரு சிட்டிகை. பெட்டியில் வேட்டியோடு வைத்தால் விசேஷத்துக்குக் கட்டும்போது தானாக மணக்கும்.

பள்ளத்தூர்ப் பையன்

எல்லோருக்கும் நன்றி. கொப்புடையம்மன் கோயில் பக்கம் கடைவீதியில் பிரஷ், க்ரீம், நான்கு வகை பிளேடு, படிகாரம் எல்லாம் வாங்கிவிட்டேன், முந்நூறுக்கு உள்ளேயே அடங்கியது. பழைய ரேசரைப் பழம்பொருள் பித்து அண்ணன் சொன்னபடி பார்த்தேன், இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறது. ஒன்று மட்டும் கேட்க விட்டுப்போனது. தேய்ந்த பிளேடை எங்கே போடுகிறீர்கள்? கார்ட்ரிட்ஜாக இருந்தபோது குப்பையில் போட்டுவிடுவேன்.

வெட்டிவேர் (கண்டனூர்)

நல்ல கேள்வி கேட்டீர்கள் தம்பி. பிளேடைக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போடாதீர்கள். குப்பை அள்ள வருகிறவர்கள் வெறுங்கையால்தான் தரம் பிரிக்கிறார்கள், எங்கள் தெருவுக்கு வருகிற அம்மாவின் விரலில் அப்படிக் கிழித்திருக்கிறது. காலியான தகரப் பவுடர் டப்பா ஒன்று எடுங்கள். மூடியில் பிளேடு நுழைகிற அகலத்துக்கு ஆணியும் சுத்தியலும் வைத்து ஒரு கீறல் போடுங்கள். மூடியைச் சுற்றி டேப் ஒட்டிவிட்டு, குளியலறையில் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். பிளேடைக் கழற்றியதும் நேரே அதற்குள். ஒரு ஆளுக்கு அது நிறையவே வருஷக்கணக்காகும். நிறைந்ததும் கீறலையும் டேப்பால் அடைத்து, மேலே ‘பிளேடு’ என்று பெரிதாக எழுதி, குப்பையோடு சேர்க்காமல் அவர்கள் கையில் சொல்லிக் கொடுங்கள்.